ஓய்வூதியத்தில் பிறந்த கிரெடிட்

அமெரிக்காவில் 9ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆண்டு முழுவதும் அல்ஜீப்ரா படித்துத் தேறுகிறது. ஃபுளோரிடாவில் அதற்கு 1 கிரெடிட். நியூயார்க் நகரத்தில் 2. நியூ ஜெர்சியில் 5. லாஸ் ஏஞ்சலஸில் 10. பள்ளிப் படிப்பை முடித்து டிப்ளமோ வாங்க ஃபுளோரிடாவில் 24 கிரெடிட் வேண்டும். நியூயார்க் நகரத்தில் 44, நியூ ஜெர்சியில் 120, லாஸ் ஏஞ்சலஸில் 210. கேட்டால் தலை சுற்றும். வகுத்துப் பார்த்தாலோ நான்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளில், 21 முதல் 24 வரையிலான ஓராண்டுப் பாடங்கள்.

அந்த நாட்டில் பள்ளியிறுதியைத் தீர்மானிக்கும் பொதுத்தேர்வு என்று நாடு முழுமைக்கும் ஒன்று கிடையாது. கல்வி மாநிலத்தின் பொறுப்பு. மாநிலம் விட்டுவைத்ததை உள்ளூர்க் கல்வி மாவட்டம் பார்த்துக்கொள்ளும். டிப்ளமோவுக்குரிய பாடப் பட்டியலை மாநில அரசே வகுக்காமல் மாவட்டங்களிடம் விட்ட மாநிலங்களும் உண்டு. இப்படிச் சிதறிக் கிடக்கும் அமைப்பைக் கட்டி வைத்திருப்பது கிரெடிட் என்ற ஒற்றை அளவுதான். ஆங்கிலம் 4, கணிதம் 3 அல்லது 4, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 1 அல்லது 2, கலை 1, மீதிக்கு விருப்பப் பாடங்கள் என்று பெரும்பாலான மாநிலங்களின் பட்டியலும் ஒரே சாயலில் இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஆனால் ஒரு கிரெடிட் எதை அளக்கிறது? பிள்ளை எவ்வளவு கற்றது என்பதையல்ல. எத்தனை மணி நேரம் அந்தப் பாடத்தின் வகுப்பில் இருந்தது என்பதைத்தான். ஃபுளோரிடாவின் சட்டம் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 135 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நியூயார்க் வாரத்துக்கு 180 நிமிடம் வீதம் ஓராண்டு என்கிறது. எல்லைக்கு வடக்கே, கனடாவின் ஒன்டாரியோ 110 மணி நேரம் என்கிறது. இந்தக் கணக்குகள் எல்லாம் 120 மணி நேரம் என்ற மூல எண்ணின் பிள்ளைகள். அந்த எண்ணை முதலில் எழுதியவர்களின் கவலை பள்ளி மாணவர்களைப் பற்றியதே அல்ல. வயதான பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கும் வழியைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் ஊருக்கு ஒரு விதமாக இருந்தன. ஒரு பள்ளியில் லத்தீன் நான்கு ஆண்டு, இன்னொன்றில் ஓராண்டு. வேதியியல் சில இடங்களில் பத்து வாரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1892இல் தேசியக் கல்விச் சங்கம் பத்துப் பேர் குழு ஒன்றை அமைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் சார்லஸ் எலியட் அதற்குத் தலைமை தாங்கினார். எந்தப் பாடமாயினும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் ஒரே மாதிரி, ஒரே ஆழத்தில் கற்பிக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. நல்ல கருத்து, நடைமுறைப்படுத்தும் அதிகாரம்தான் குழுவிடம் இல்லை.

அதிகாரம் பணத்தின் வழியே வந்தது. 1905இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் குறைந்த சம்பளத்தில் உழைத்துவிட்டு முதுமையில் வறுமையில் விழும் பேராசிரியர்களின் நிலை அவரை உறுத்தியிருந்தது. அந்தப் பணத்தைக் கையாளப் பிறந்ததே கார்னகி கல்வி மேம்பாட்டு அறக்கட்டளை. எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த ஹென்றி பிரிட்செட் அதன் முதல் தலைவரானார். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் பல, உயர்நிலைப் பள்ளிக்குச் சற்றே மேலானவை. எதைக் கல்லூரி என்று ஏற்று ஓய்வூதியம் கொடுப்பது?

அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. மாணவரைச் சேர்க்கும்போது 14 யூனிட் உயர்நிலைப் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாகக் கேட்கும் நிறுவனமே கல்லூரி. ஒரு யூனிட் என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் 120 மணி நேர வகுப்பு. கல்லூரிகள் ஓய்வூதியத்துக்காக நிபந்தனையை ஏற்றன. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்ப விரும்பிய பள்ளிகள் தங்கள் பாட அட்டவணையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டன. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் யூனிட் கணக்குக்குள் வந்துவிட்டன. ஒரு அரசாணையும் இல்லாமல் இவ்வளவும் நடந்தது.

இலவச ஓய்வூதியத் திட்டம் நெடுநாள் தாங்கவில்லை. கேட்டு வந்தவர்கள் பெருகினார்கள், நிதி பற்றவில்லை. 1918இல் ஆசிரியரும் கல்லூரியும் பணம் செலுத்திச் சேரும் தனிக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. யூனிட் மட்டும், இன்றைய கிரெடிட்டாக, நிலைத்துவிட்டது.

அதன் பிறப்புக் காலத்தை மனத்தில் வைத்துக்கொள்வது முக்கியம். 1910இல் 17 வயதினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேரே உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். அந்த ஒன்பது பேரில் கல்லூரிக்குப் போகிறவர்களைத் தரம் பிரிக்கச் செய்த அளவு அது. 1940இல் பாதிப் பேர் முடித்தார்கள். இன்று நூற்றுக்கு 87 பேர் நான்கே ஆண்டுகளில் முடிக்கிறார்கள். சிலருக்கென்று தைத்த சட்டையை ஊரே அணிந்துகொண்டிருக்கிறது என்பதே இந்தக் கதையின் மையச் சிக்கல்.

இந்தச் சட்டை இல்லாமலேயே பள்ளிகள் நடக்க முடியுமா என்று ஒரு முறை மெய்யாகவே சோதித்துப் பார்த்தார்கள். முற்போக்குக் கல்விச் சங்கம் 1930இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு எட்டாண்டு ஆய்வு என்று பெயர். நாடெங்கும் ஏறத்தாழ 30 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சுமார் 300 கல்லூரிகள், அந்தப் பள்ளிகளிலிருந்து தலைமையாசிரியரின் பரிந்துரையோடு வரும் மாணவரிடம் யூனிட் கணக்குக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டன. பள்ளிகளுக்கு முழு விடுதலை. சில பள்ளிகள் ஆங்கிலத்தையும் வரலாற்றையும் ஒன்றாகப் பிணைத்துக் கற்பித்தன. சில ஒரே கேள்வியைப் பல பாடங்களின் வழியே வாரக்கணக்கில் ஆராய்ந்தன. சில பெரிதாக எதையும் மாற்றவில்லை.

பின்னர் அந்த மாணவர்களைக் கல்லூரிக்குள் தொடர்ந்து கவனித்தார்கள். மதிப்பீட்டுப் பணிக்கு ரால்ஃப் டைலர் தலைமை ஏற்றார். பின்னாளில் பாடத்திட்ட ஆய்வுத் துறையின் பெரும்பெயராக ஆனவர். சோதனைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு, வயது, பால், தேர்வுத் திறன், குடும்பப் பின்னணி ஆகியவற்றில் ஒத்த வழக்கமான பள்ளி மாணவர் ஒருவர் என்று 1,475 இணைகள் அமைக்கப்பட்டன. யூனிட் கணக்கின்றி வந்தவர்கள் கல்லூரியில் தடுமாறவில்லை. அவர்களுடைய சராசரி மதிப்பெண் சற்றே கூடுதலாகவே இருந்தது. அறிவுத் தேடலிலும் புதுச் சூழலைச் சமாளிப்பதிலும் அவர்கள் ஒரு படி மேலே இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மிகத் துணிந்து மாறிய பள்ளிகளின் மாணவர்கள்தான் மிக நன்றாகச் செய்தார்கள். இந்த முடிவுகள் 1942இல் அச்சேறியபோது அமெரிக்கா போருக்குள் இறங்கியிருந்தது. ஐந்து தொகுதிகளும் நூலகங்களுக்குப் போயின. பள்ளிகள் யூனிட்டுக்குத் திரும்பின. அமெரிக்கக் கல்வி வரலாற்றின் பெரிய இழப்புகளில் இதையும் வைக்க வேண்டும்: தெளிவான விடை கிடைத்தும், கேள்வியை நெடுங்காலம் யாரும் திரும்ப எடுக்கவில்லை.

அதன் பின் வந்த சீர்திருத்தங்கள் யூனிட்டைத் தொடவில்லை. எத்தனை யூனிட் என்பதை மட்டும் மாற்றின. பெரிய திருப்பம் 1983 ஏப்ரலில் வந்தது. கல்விச் செயலர் டெரல் பெல் அமைத்த தேசியக் குழு, நாடு ஆபத்தில் இருக்கிறது என்ற தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. ஜப்பானியக் கார்கள் அமெரிக்கச் சந்தையில் பெருகிக்கொண்டிருந்த நேரம். டிப்ளமோவுக்கு 35 மாநிலங்கள் ஓராண்டுக் கணிதத்தோடும், 36 மாநிலங்கள் ஓராண்டு அறிவியலோடும் நின்றுவிடுவதாக அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் தலா மூன்று ஆண்டு, கணினி அரையாண்டு என்று ஒரு புதிய அடிப்படையை முன்வைத்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் பட்டியலை உயர்த்தின.

மாணவர்களின் மதிப்பெண் பதிவேடுகளான டிரான்ஸ்கிரிப்ட்டுகளைத் திரட்டி ஆராயும் அரசு ஆய்வுகளில் இதன் விளைவைப் பார்க்கலாம். 1990இல் பள்ளி முடித்தவர் சராசரியாக 23.6 கிரெடிட் சேர்த்திருந்தார். 2009இல் அது 27.2. சராசரி மதிப்பெண் 1990இல் 4க்கு 2.68 ஆக இருந்தது; 2009இல் 3.00, 2019இல் 3.11. ஆனால் அதே 2019ஆம் ஆண்டு மாணவர்கள் தேசியக் கணிதத் தேர்வில் 2009ஆம் ஆண்டினரைவிடக் குறைவாகவே வாங்கினார்கள். தாளில் உயர்ந்தது தலைக்குள் ஏறவில்லை. பாடத்தின் பெயரை உயர்த்துவது எளிது, அதைக் கற்பிக்க ஆசிரியரையும் நேரத்தையும் கொடுப்பது கடினம் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

இதன் முழு உருவத்தை லாஸ் ஏஞ்சலஸில் காணலாம். கலிஃபோர்னியாவில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, டிப்ளமோவுக்கு மாநிலச் சட்டம் கேட்கும் 13 ஓராண்டுப் பாடங்கள். அதில் கணிதம் 2, அறிவியல் 2, வெளிநாட்டு மொழி கட்டாயமில்லை. மற்றொன்று, மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குக் கேட்கும் 15 பாடங்கள். கணிதம் 3, வேற்று மொழி 2 ஆண்டு, ஒவ்வொன்றிலும் சி தரமாவது வேண்டும். ஆக, அரசே கொடுக்கும் டிப்ளமோவைக் கையில் பிடித்தபடி, அதே அரசு நடத்தும் பல்கலைக்கழகத்தின் வாசலில் தகுதியில்லை என்ற பதிலை ஒரு பிள்ளை கேட்க நேரிடும். மாநிலத்தில் பள்ளி முடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே கவுன்சிலர் என்றிருக்கும் பள்ளிகளில் பல குடும்பங்களுக்கு இது 12ஆம் வகுப்பில்தான் தெரியவருகிறது. கல்லூரியைப் பார்த்திராத குடும்பங்களுக்கு அப்போதும் தெரிவதில்லை.

இந்த அநீதியைத் துடைக்க 2005இல் லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியம் தீர்மானம் போட்டது. ஏழை வட்டாரங்களின் பெற்றோரும் மாணவர்களும் திரண்டு கேட்டதன் பலன் அது. பல்கலைக்கழகப் பட்டியலே இனி எல்லோருக்கும் டிப்ளமோ பட்டியல். சி தரமும் கட்டாயம். நோக்கம் குறை சொல்ல முடியாதது. ஆனால் காலக்கெடு நெருங்கியபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தேற மாட்டார்கள் என்று தெரிந்தது. 2015இல் வாரியம் டி தரமே போதும் என்று இறங்கி வந்தது. அப்போதும் பாதிப் பேர் வரைதான் தேறுவார்கள் என்று கணக்குகள் காட்டின. மாவட்டம் 1.5 கோடி டாலர் ஒதுக்கி, தோற்ற பாடங்களை மாலையிலும் விடுமுறையிலும் கணினி வழியாகவும் மீண்டும் எடுக்க வைத்தது. சில மாதங்களில் தேர்ச்சி 75 விழுக்காட்டைத் தாண்டியது.

கிரெடிட் மீட்பு என்று அழைக்கப்படும் இந்த வழி இன்று நாடெங்கும் உள்ளது. ஒரு பாடத்தில் தோற்ற மாணவர் திரையின் முன் உட்கார்ந்து காணொளி பார்த்து, சிறு தேர்வுகளுக்கு விடையளித்து, ஒரு பருவத்தின் பாடத்தைச் சில வாரங்களில் முடிக்கிறார். நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இது கைகொடுக்கிறது. நோயாலோ குடும்பச் சிக்கலாலோ ஒரு பருவத்தைத் தவறவிட்ட பிள்ளை ஓராண்டை இழக்காமல் தப்பிக்கிறது. ஆசிரியர் இல்லாத இடத்தில் அது வெறும் சொடுக்கல். வாஷிங்டன் நகரில் 2017இல் பல்லூ உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பு மாணவர் எல்லோருக்கும் கல்லூரி இடம் கிடைத்ததாகக் கொண்டாடப்பட்டது. அவர்களில் பலர் மாதக்கணக்கில் பள்ளிக்கே வராதவர்கள் என்பதைச் சில மாதங்களில் வானொலிச் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். நகரம் முழுக்க நடத்தப்பட்ட விசாரணை, அந்த ஆண்டு டிப்ளமோ பெற்ற 2,758 பேரில் 937 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கினர், வருகை விதிகளையோ கிரெடிட் மீட்பு விதிகளையோ மீறித் தேர்ச்சி பெற்றதாகச் சொன்னது. ஏமாற்றப்பட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். டிப்ளமோவோடு கல்லூரிக்குப் போகிறவருக்கு, தனக்கு எது சொல்லித் தரப்படவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

அப்படியானால் மணிக்கணக்கை ஒழித்துவிடலாமா? நியூ ஹாம்ப்ஷயர் 2005இல் அதைச் செய்யத் துணிந்தது. வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்குப் பதிலாக, பாடத்தின் திறன்களை மாணவர் அடைந்துவிட்டாரா என்பதை வைத்தே கிரெடிட் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்து, 2008–09 கல்வியாண்டுக்குள் மாறப் பள்ளிகளுக்குக் கெடு வைத்தது. மருத்துவமனையிலோ இசைக் குழுவிலோ செய்த வேலைக்கும், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மதிப்பிட்டு, கிரெடிட் உண்டு. அண்டை மாநிலமான மெய்ன் 2012இல் இதே திசையில் சட்டம் போட்டு, 2018இல் அதைக் கட்டாயமில்லை என்று திரும்பப் பெற்றது. பெற்றோருக்குப் புதிய மதிப்பீடு புரியவில்லை. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. திறன் என்றால் எது, எந்த அளவு போதும் என்பதில் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபாடு. கல்லூரிச் சேர்க்கையில் தங்கள் பிள்ளைகளுக்குப் பாதகம் வருமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

மெய்னின் பின்வாங்கலை மூடத்தனம் என்று தள்ளக் கூடாது. மணிக்கணக்குக்கு ஒரு காவல் வேலையும் உண்டு. 120 மணி நேரம் வேதியியல் என்று சட்டம் சொல்லும்வரை, ஏழை வட்டாரத்துப் பள்ளியும் அந்த நேரத்துக்கு ஓர் ஆசிரியரை நிறுத்தியாக வேண்டும். கற்றால் போதும், நேரம் முக்கியமில்லை என்று ஆகிவிட்டால், முதலில் வெட்டப்படுவது யாருடைய நேரம் என்று ஊகிப்பது கடினமல்ல. கார்னகி அறக்கட்டளையே தன் அளவை மறுபரிசீலனை செய்து 2015இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தத் தயக்கத்தைத்தான் பதிவு செய்தது: யூனிட் கற்றலை அளக்கவில்லை, ஆயினும் எல்லா மாணவர்களுக்கும் குறைந்தபட்ச வாய்ப்பு என்ற ஒரு தரையை அது போட்டு வைத்திருக்கிறது.

அந்தத் தரையிலும் ஓட்டைகள் உண்டு. அடிக்கடி பள்ளி மாறும் பிள்ளைகள் அதில்தான் விழுகிறார்கள். வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளை பருவத்தின் நடுவில் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டால், அதுவரை படித்த பத்து வாரம் பல இடங்களில் எந்தப் பாடத்திலும் கிரெடிட் ஆவதில்லை. நான்கு முறை மாறினால் ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு காணாமல் போகும். கலிஃபோர்னியா இதைச் சட்டத்தால் அடைக்கத் தொடங்கியது. படித்த அளவுக்குப் பகுதிக் கிரெடிட் தர வேண்டும். 10ஆம் வகுப்புக்குப் பின் மாற்றப்பட்ட வளர்ப்புப் பிள்ளை, புதிய மாவட்டத்தின் கூடுதல் பாடங்களை முடிக்க வழியில்லை என்றால், மாநிலத்தின் குறைந்தபட்சப் பட்டியலை முடித்தாலே டிப்ளமோ. பள்ளிப் பருவத்தில் சராசரியாக 6 முதல் 9 முறை ஊர் மாறும் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 2008இல் மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் உருவாகி, இன்று 50 மாநிலங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. தோட்ட வேலைக்காகப் பருவந்தோறும் இடம்பெயரும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நாடு தழுவிய அத்தகைய ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லை.

நேரத்தை அளப்பதா, அறிவை அளப்பதா என்ற கேள்விக்கு நடைமுறையில் ஒரு விடை மொழிப் பாடங்களில் கிடைத்திருக்கிறது. அதில் தமிழுக்கும் பங்குண்டு. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் டிப்ளமோவுக்கு 24 கிரெடிட். வேற்று மொழிக்கு 2 ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு மாணவர் அந்த மொழியைப் பள்ளியில்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. தரப்படுத்திய மொழித் தேர்வு எழுதி, எட்டிய நிலைக்கேற்ப 1 முதல் 4 கிரெடிட் வரை பெறலாம். தமிழுக்கும் அத்தகைய தேர்வு உண்டு. வீட்டில் பாட்டியிடமும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலும் கற்ற மொழி, டிரான்ஸ்கிரிப்ட்டில் ஸ்பானிஷுக்கும் பிரெஞ்சுக்கும் சமமாக ஏறுகிறது. டொராண்டோவில் வழி வேறு. ஒன்டாரியோவின் டிப்ளமோவுக்கு 30 கிரெடிட்டும் 40 மணி நேரச் சமூகப் பணியும் வேண்டும். அதில் ஒன்றாகத் தமிழைக் கல்விச் சபைகளே வார இறுதி வகுப்புகளில் 110 மணி நேரம் கற்பித்து வழங்குகின்றன. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்த வகுப்புகளில்தான் தமிழில் எழுதப் பழகினார்கள். முன்னது அறிந்ததைச் சோதிக்கிறது, பின்னது கற்க நேரம் கொடுக்கிறது. வீட்டில் தமிழ் புழங்கும் பிள்ளைக்கு முதல் வழி நியாயம் செய்கிறது. வீட்டில் மொழி தேய்ந்துபோன பிள்ளைக்கு இரண்டாவது வழிதான் கதவு. இரண்டையும் ஒருசேர வைத்திருக்கும் அமைப்பே நல்ல அமைப்பு என்று இந்தச் சிறு உதாரணத்திலிருந்தே வாதிட முடியும்.

மேலிருந்து வரும் மாற்றங்கள் இப்போது இரு திசையில் இழுக்கின்றன. டெக்சாஸ் 2013இல் அடிப்படைப் பட்டியலை 22 கிரெடிட்டாகக் குறைத்து, தொழில், கலை, அறிவியல் என்று ஏதேனும் ஒரு துறையில் ஊன்றுபவர்களுக்கு 26 என்று வைத்தது. அடிப்படைப் பட்டியலிலிருந்து இரண்டாம் அல்ஜீப்ரா விலகியது. இன்னொரு பக்கம் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனிநபர் நிதி மேலாண்மையைப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. சமுதாயத்துக்கு ஒரு கவலை வரும்போதெல்லாம் அது அரைக் கிரெடிட்டாகப் பள்ளிக்குள் நுழைகிறது. அதற்கு இடம் விட்டு வெளியேறுவது பெரும்பாலும் விருப்பப் பாடங்களின் நேரம். பிள்ளைக்குத் தானாகத் தேர்ந்தெடுக்கக் கிடைத்திருந்த கொஞ்ச நேரமும் அதுதான்.

தேர்வுகளோ பின்வாங்குகின்றன. மாசசூசெட்ஸில் மாநிலத் தேர்வில் தேறினால்தான் டிப்ளமோ என்ற விதியை 2024 நவம்பரில் வாக்காளர்களே நீக்கினார்கள். நியூயார்க்கில் 1870களிலிருந்து நடந்துவரும் ரீஜென்ட்ஸ் தேர்வும் 2027 இலையுதிர் காலம் முதல் டிப்ளமோவுக்குக் கட்டாயமாக இருக்காது என்பது மாநிலக் கல்வித் துறையின் திட்டம். தேர்வு விலகும் இடத்தில் கிரெடிட்டின் சுமை கூடும். அதை உணர்ந்தே அந்தத் திட்டம் கிரெடிட் என்றால் என்ன என்பதையும் மறுவரையறை செய்யப் போவதாகச் சொல்கிறது: பணியிடப் பயிற்சி, நீண்ட ஆய்வுத் திட்டம், கல்லூரிப் பாடம் ஆகியவற்றில் காட்டும் திறனும் கணக்கில் வரலாம். கார்னகி அறக்கட்டளையும் 2023இல் ஒரு பெரிய தேர்வு நிறுவனத்தோடு கைகோத்து, மணிக்கணக்குக்கு மாற்றான மதிப்பீட்டுக் கருவிகளை உருவாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. இந்தக் கருவிகள் எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும், 1905இல் போலவே, எந்தச் சான்றை ஏற்பது என்ற முடிவு கல்லூரிச் சேர்க்கை அலுவலகங்களின் கையில்தான் இருக்கிறது. எட்டாண்டு ஆய்வில் 300 கல்லூரிகள் ஒப்புக்கொண்டதைப் போன்ற ஓர் உடன்பாடு நியூயார்க்குக்கும் தன் பல்கலைக்கழகங்களிடமிருந்து தேவைப்படும். அதுவரை பள்ளிகள் 180 நிமிட வார அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே புதிய விதிகளுக்குத் தயாராகின்றன.